அரிசிப் பை அச்சு: சீனத் தொழிற்சாலைக்கு விளக்க உதவி தேவை

உறவுகளுக்கு வணக்கம். செங்கலடியில் நாங்கள் நடத்தும் அரிசி ஆலைக்காக, அச்சிட்ட 10 கிலோ பைகளைச் சீனத் தொழிற்சாலை ஒன்றிடம் கேட்டு, 30 வீத முற்பணமும் அனுப்பியுள்ளோம். வந்த மாதிரியில் ‘கிலோ’ என்ற சொல் சிதைந்து, கொம்பும் அரவும் லகரத்துக்கு வலப்புறமாகவே நிற்கின்றன. சிவப்பு வட்டமிட்டு மூன்று முறை அனுப்பியும், “சரி” என்ற பதிலோடு அதே படமே திரும்பி வருகிறது. அவர்களது நேரம் இரண்டரை மணித்தியாலம் முந்தியதால், பின்னேரம் 3 மணிக்குப் பின்னர் பதிலும் இல்லை. தமிழ் அறியாதவர்களை நான் குறைகூறவில்லை. ஆயினும் பிழையான தமிழோடு ஒரு பையேனும் எங்கள் ஆலையிலிருந்து வெளியேற எனக்கு மனமில்லை. எழுத்துகளை உருவரைகளாக (outlines), அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் வடிவங்களாக மாற்றிய கோப்பை அனுப்பினால் சிதையாது என்கிறார்கள். அதைச் செய்து தரவோ, சீனமொழியில் பேசி விளக்கவோ கூடியவர் மட்டக்களப்பில் இருந்தால், பெரும்போக அறுவடைக்கு முன் பைகள் வந்து சேர வேண்டியிருப்பதால், தயவுசெய்து விரைவில் அறியத்தாருங்கள்.