கடன் வழக்குக்கு முன் மத்தியஸ்த சபைக்குப் போவது கட்டாயமா?

கேள்வி (பொகவந்தலாவை):
எங்கள் லயத்தில் குடியிருக்கும், எனக்கு மாமா முறையான ஒருவர், மகளின் திருமணச் செலவுக்காக இரண்டு வருடங்களுக்கு முன் என் கணவரிடம் 180,000 ரூபா கைமாற்றாக வாங்கி, அதற்குக் கையொப்பமிட்டுக் கடிதமும் கொடுத்தார். பின்னர் தோட்டத் தலைவர் முன்னிலையில் பேசி, மாதம் 5,000 ரூபா வீதம் தருவதாக எழுதிக் கொடுத்தும் ஒரு சதமேனும் வந்து சேரவில்லை. அட்டனிலுள்ள சட்டத்தரணி, பிணக்குகளைப் பேசி இணக்கத்துக்குக் கொண்டுவரும் மத்தியஸ்த சபையின் சான்றிதழ் இல்லாமல் வழக்குத் தொடர முடியாது என்கிறார். மாமாவோ சபைக்கு வரவே மாட்டேன் என்கிறார். தலைவர் எழுதிய கடிதம் போதாதா? வர மறுப்பவரை என்ன செய்வது?

மறுமொழி (அட்டன், ஓய்வுபெற்ற ஆசிரியர்):
சகோதரி, சட்டத்தரணி சொன்னது சரி. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்க மத்தியஸ்த சபைகள் சட்டத்தின்படி, குறித்த தொகைக்கு உட்பட்ட கடன், சொத்துப் பிணக்குகளை முதலில் சபைக்குக் கொண்டுபோக வேண்டும். அந்தத் தொகை 2016ஆம் ஆண்டுத் திருத்தத்தில் 5 இலட்சம் ரூபாவாக உயர்த்தப்பட்டதால், உங்கள் கடன் அந்த வரம்புக்குள்தான் அடங்குகிறது. தோட்டத் தலைவர் பேசித் தீர்ப்பது நம் மலையகத்தின் பழைய வழக்கம், அதை நான் மதிக்கிறேன். ஆனாலும் அவருடைய கடிதம் சட்டம் கேட்கும் சான்றிதழ் ஆகாது. மாமா அந்தத் தவணைக்கு ஒப்புக்கொண்டதைக் காட்டும் என்பதால் அதைப் பத்திரப்படுத்தி வையுங்கள்.

மாமா வராவிட்டாலும் உங்கள் வழி அடைபடாது. அழைத்தும் ஒருவர் வரவில்லை என்றாலோ, வந்தும் இணங்கவில்லை என்றாலோ, இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழைச் சபை வழங்கும். அதைக் கொண்டு நீதிமன்றத்துக்குப் போகலாம். சபை தீர்ப்புச் சொல்லும் இடமல்ல, யாரையும் கட்டாயப்படுத்தும் அதிகாரமும் அதற்கு இல்லை என்பதை மாமாவுக்கு யாராவது பொறுமையாக எடுத்துச் சொன்னால் அவர் வரவும் கூடும், ஏனெனில் பலர் பயத்தினால்தான் ஒதுங்குகிறார்கள். அங்கு சட்டத்தரணிகள் உங்களுக்காகத் தோன்ற முடியாது. அங்கே பேசியதைப் பின்னர் நீதிமன்றத்தில் சாட்சியமாகவும் கொண்டுவர முடியாது.

மறுமொழி (தலவாக்கலை):
அக்கா, மத்தியஸ்தரைத் தெரிவு செய்யும் உரிமையை விட்டுவிடாதீர்கள். பெயர்ப் பட்டியலிலிருந்து இரு தரப்பும் ஒவ்வொருவரைத் தெரிவு செய்ய, அந்த இருவரும் சேர்ந்து மூன்றாமவரைத் தெரிவு செய்வார்கள். தமிழ் நன்கு பேசுபவரைக் கேட்டு வாங்குங்கள். எங்கள் வீட்டுப் பிணக்கு ஒன்றில், சிங்களத்தில் எழுதிய உடன்பாட்டை வாசித்துக் காட்டாமலே என் அம்மாவிடம் கையொப்பம் கேட்டார்கள். அண்ணன் அதைத் தடுத்து, வரிக்கு வரி தமிழில் சொல்ல வைத்த பிறகுதான், நாங்கள் ஒப்புக்கொள்ளாத ஒரு தவணைத் திகதி அதில் இருப்பது தெரிந்தது. தமிழ் 1987 முதல் அரசகரும மொழியாக இருக்கும் நாட்டில், விளங்காத தாளில் கையொப்பமிடும்படி நம் பெண்களைக் கேட்பது பெரும் அநீதி.

மறுமொழி (பண்டாரவளை, சட்டத்துறை):
காலவரையறையையும் கவனியுங்கள். காலாவதிச் சட்டத்தின்படி, எழுத்தில் உள்ள கடனுக்கு 6 வருடங்களுக்குள்ளும், வாய்ப்பேச்சில் கொடுத்த கடனுக்கு 3 வருடங்களுக்குள்ளும் வழக்குத் தொடர வேண்டும். உங்களிடம் எழுத்து இருப்பதால் அவகாசம் உண்டு; அதற்காக மாமாவின் மனம் மாறட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

கேள்வி கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. பணம் கேட்கப் போனபோது அவர் என் கணவரைத் தள்ளிவிட்டதில் கையில் சிறு காயம் ஏற்பட்டது. பொலிசாரும் மத்தியஸ்த சபைக்கே போகச் சொல்கிறார்கள். அதுவும் முறையா?

மறுமொழி (அட்டன், ஓய்வுபெற்ற ஆசிரியர்):
ஆம், சகோதரி. சிறு காயம் விளைவிப்பது, முதலில் சபைக்குப் போக வேண்டியவை என்று மத்தியஸ்த சபைகள் சட்டத்தின் அட்டவணை குறிக்கும் குற்றங்களில் ஒன்று. இரண்டையும் ஒரே மேசையில் பேசலாம், ஆனால் காயத்துக்கு மன்னிப்புக் கேட்டதைக் காரணம் காட்டிக் கடனைக் குறைக்கச் சொன்னால் இணங்க வேண்டாம். உடன்பாடு வந்தால், எவ்வளவு, எந்தத் திகதியில், யார் கையில் என்பதைத் தனித்தனியாக எழுதச் சொல்லி, ஒரு பிரதியைக் கையோடு வாங்கி வாருங்கள்.