அட்டிக்கில் படுக்க வைத்த ஃபர்னஸ் பத்து நிமிடத்தில் நின்றுவிடுகிறது, உதவுங்கள்

ஃபிரிஸ்கோவாசி:
வணக்கம். டல்லாஸ் பக்கம் இருக்கிறோம். இங்கே வீடுகளுக்கு பேஸ்மென்ட் கிடையாது. வீட்டைச் சூடாக்கும் கேஸ் ஃபர்னஸ் அட்டிக்கில்தான் (கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவில் உள்ள இடம்), படுக்கை வசத்தில். பழைய 80 சதவீத ஃபர்னஸை எடுத்துவிட்டு அக்டோபரில் 96 சதவீதத் திறனுள்ளது போட்டோம். குளிர் இறங்கியதிலிருந்து பத்து நிமிடம் ஓடும், களகள என்று தண்ணீர் சத்தம் வரும், நின்றுவிடும். ஃபர்னஸ் போர்டில் விளக்கு மினுக்குவதை அதன் கதவில் உள்ள அட்டவணையோடு பார்த்தால் பிரஷர் சுவிட்ச் (புகை சரியாக இழுபடுகிறதா என்று பார்க்கும் சுவிட்ச்) கோளாறு என்கிறது. ஃபில்டர் புதிது. போட்டவர் ஃபோனை எடுப்பதில்லை. வீட்டில் கைக்குழந்தை, நேற்று ராத்திரி வீட்டுக்குள் 58 டிகிரி ஃபாரன்ஹீட்.

பிளேனோ அண்ணன்:
தம்பி, அந்தக் களகள சத்தத்தைப் பிடியுங்கள். பழைய ஃபர்னஸ் நீராவியைப் புகையோடு மேலே அனுப்பிவிடும். புதியது அந்த நீராவியையும் குளிரவைத்துச் சூட்டை உறிஞ்சுகிறது, அதனால் ஓடும் நேரமெல்லாம் தண்ணீர் வடியும். அது வெளியேறாமல் உள்ளே தேங்கினால் புகையை இழுக்கும் விசிறிக்கு வழி அடைபடும், சுவிட்ச் அணைத்துவிடும். நிற்க வைக்கும் ஃபர்னஸைப் படுக்க வைக்கும்போது டிராப்பை (வடியும் தண்ணீரை வாங்கி வெளியே விடும் பகுதி) அடிப்பக்கம் மாற்ற வேண்டும், டிரெயின் துளைகளையும் சிறு குழாய்களையும் மாற்ற வேண்டும். கதவுப் பக்கம் துளியாவது தாழ்ந்திருக்க வேண்டும். பல மாடல்களில் கால் முதல் அரை அங்குலம், உங்கள் மேனுவலில் பாருங்கள். ரசமட்டம் வைத்துப் பார்த்துச் சொல்லுங்கள்.

இர்விங்காரர்:
எனக்கும் இதே தொல்லை வந்தது. சுவிட்ச்சின் இரண்டு ஒயரையும் சேர்த்துவிட்டேன், ஓடியது.

பிளேனோ அண்ணன்:
ஐயோ, தயவுசெய்து உடனே பிரித்துவிடுங்கள்! புகை வெளியேறாவிட்டால் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் வரும். மணமே இருக்காது.

ஃபிரிஸ்கோவாசி:
பார்த்தேன் அண்ணா. கதவுப் பக்கம்தான் உயர்ந்திருக்கிறது. டிராப் இடம் மாறியிருக்கிறது, ஆனால் அதிலிருந்து போகும் குழாய் நடுவில் தொய்ந்து கிடக்கிறது.

பிளேனோ அண்ணன்:
அப்போ இரண்டு காரணமும் அங்கேயே இருக்கிறது. நீங்களே தூக்க வேண்டாம், கேஸ் குழாயும் புகைக் குழாயும் சேர்ந்து அசையும். லைசென்ஸ் உள்ளவரைக் கூப்பிடுங்கள். அடியில் தண்ணீர் பிடிக்கும் தட்டு இருக்கிறதா, அதில் ஃப்ளோட் சுவிட்ச் (தண்ணீர் ஏறினால் ஃபர்னஸை நிறுத்தும் சுவிட்ச்) இருக்கிறதா என்றும் கேளுங்கள். இல்லாவிட்டால் ஒரு நாள் சீலிங் நனையும்.

ஃபிரிஸ்கோவாசி:
இன்று வேறொருவர் வந்து சரிசெய்தார். மூன்று மணி நேரமாக நிற்காமல் ஓடுகிறது. குழந்தை தூங்குகிறாள். மிக்க நன்றி அண்ணா! தட்டு இருக்கிறது, ஃப்ளோட் சுவிட்ச் இல்லை; வியாழன் அன்று மாட்டுகிறார். அட்டிக்கில் டிரெயின் குழாய் உறையுமா?

பிளேனோ அண்ணன்:
உறையும். 2021 பிப்ரவரியில் டெக்சாஸில் வந்த கடுங்குளிர் நினைவிருக்கிறதல்லவா? குழாயைச் சூடாக வைக்கும் ஹீட் கேபிள் சுற்றி, மேலே இன்சுலேஷன் போடச் சொல்லுங்கள். அவர் வியாழன் வரும்போதே.