010 என்றால் பத்தா, எட்டா? ரூட் கருவித் திருத்தத்தைச் சேர்க்கலாமா?

செக்ரோல்_பையன்: சுங்கை சிப்புட்டில் கணினி வகுப்பையும் கோயில் மண்டபத்தையும் இணைக்கும் ரூட்டை, அதாவது நெட்வொர்க்கில் தகவல் போகும் வழியை, அமைக்க நாம் எழுதிய சி மொழி நிரலுக்கு ஒரு திருத்தம் வந்திருக்கிறது. பட்டியலில் உள்ள ஐபி முகவரியை இதுவரை ஐநெட்_ஏடான் என்ற ஃபங்ஷன் படித்தது, இனி ஐநெட்_பீடான் என்ற ஃபங்ஷன் படிக்கும். 192.168.010.0 என்று கொடுத்தால் "தவறான முகவரி" என்று நின்றுவிடும். சேர்க்கலாமா?

கிராணி_வீடு: வேண்டாம். அந்தப் பட்டியலை எழுதியது நான். செக்ரோலில், அதாவது தோட்டத்து வருகைப் பதிவேட்டில், 007, 010 என்று மூன்று இலக்கம் போட்டுப் பழகிய கை. இத்தனை நாள் ஓடியதை ஏன் நிறுத்த வேண்டும்?

பால்மரம்: ஓடியதா அண்ணே? முன்னால் சுழியம் இருந்தால் பழைய ஃபங்ஷன் அதை எட்டை அடியாகக் கொண்ட எட்டடிமான எண்ணாக எடுத்துக்கொள்ளும். உங்கள் 010 அதற்கு 8. ரூட் 192.168.8.0-க்குப் போகும், பிழைச்செய்தியும் வராது. 008 போட்டுப் பாருங்கள், ஏற்காது. எட்டடிமானத்தில் 8 என்ற இலக்கமே இல்லை. 007 மட்டும் தப்பிக்கும், அது இரண்டிலும் 7தான்.

கிராணி_வீடு: போன தைப்பூசத்துக்கு மண்டபத்தில் லைன் இல்லை என்று கேபிளையே மாற்றினோமே, அது இதனாலா! சரி, அப்படியென்றால் 010-ஐப் பத்து என்றே படிக்க வையுங்கள் லா.

பால்மரம்: அதுதான் ஆபத்து. பைத்தான் மொழியின் ஐபிஅட்ரஸ் நூலகம் 3.8 பதிப்பிலிருந்து அப்படித்தான் படித்தது. அதையே வேறொரு நிரல் எட்டு என்று படிக்கும். பாதுகாப்புத் தடுப்பு ஒரு முகவரியைச் சோதிக்கும், இணைப்பு வேறொன்றுக்குப் போகும். 2021-இல் அதைப் பாதுகாப்புக் குறையாகப் பதிந்து சிவிஇ எண் (பாதுகாப்புக் குறைகளின் பொதுப் பட்டியல் எண்) கொடுத்தார்கள். 3.9.5-இலிருந்து சுழியம் வந்தால் மறுப்புத்தான்.

லயத்து_ஜன்னல்: ரெண்டு பேரும் முகவரியிலேயே நிற்கிறீர்கள். முகவரிக்குப் பின்னால் /24 என்று வரும் மாஸ்க், அதாவது முகவரியின் 32 பிட்டில் எத்தனை நெட்வொர்க்கைக் குறிக்கிறது என்ற எண், அந்தப் பக்கம் இந்தத் திருத்தம் தலைகாட்டவே இல்லை. /-1 கொடுத்தேன், வாங்கிக்கொண்டது! அந்த எழுத்தை எண்ணாக்கும் எஸ்டிஆர்டிஓயூஎல் ஃபங்ஷன் கழித்தல் குறியை மறுக்காது. வந்ததை இன்ட் என்ற முழு எண் மாறியில் போட்டால் -1. "32-ஐ விடப் பெரிதா" என்று மட்டும் கேட்டால் -1 தாராளமாக உள்ளே போகும். 24-க்குப் பின்னால் ஓர் எழுத்து ஒட்டிக்கொண்டிருந்தாலும் 24தான். எண் எங்கே முடிந்தது என்று யாரும் பார்க்கவில்லை. நான் ஒப்புதல் தரமாட்டேன்.

பால்மரம்: அது தனித் திருத்தம். அதற்காக இதை ஏன் பிடித்து வைக்கிறீர்கள்?

லயத்து_ஜன்னல்: தனியாக என்றால் யாரும் எழுதமாட்டார்கள். கேபிள் மாற்றியது ஞாபகம் இருக்கிறதல்லவா?

கிராணி_வீடு: பட்டியலை நான் திருத்திவிடுகிறேன் தம்பி. ஆனால் சேர்க்கச் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். "தவறான முகவரி" சரி, எத்தனையாவது வரி? அதைச் சொல்லாத நிரலோடு திருவிழா ராத்திரியில் மண்டபத்தில் உட்கார என்னால் முடியாது.