பெயர் கேட்காத இடத்தில்தான் எனக்குப் பேச்சு வந்தது. இப்போது பெயரில்லாதவர்களே கேலி செய்கிறார்கள். என்ன செய்வது?

இடைவெளி எழுதியது:

வணக்கம். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஐந்து வயதிலிருந்து திக்குவாய். திக்குகிறவர்களில் பலருக்கும் சொல்ல ரொம்பக் கஷ்டமான சொல் சொந்தப் பெயர்தான். மற்ற சொல் வராவிட்டால் வேறொன்றைப் போட்டுச் சமாளிக்கலாம். பெயருக்கு மாற்றுச் சொல் கிடையாதே. "உங்க பேரு?" என்று யாராவது கேட்டால் தாடை இறுகிவிடும், கண் தானாக மூடிக்கொள்ளும்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் திக்குகிறவர்களுக்கான ஓர் இணையக் குழுவில் புனைபெயரில் சேர்ந்தேன். போன் வந்தால் எடுக்காமல் விட்டு, பிறகு "வேலையாக இருந்தேன்" என்று மெசேஜ் போடுவது, இன்டர்வியூவுக்குப் போய் வாசலோடு திரும்பியது, மனைவியிடம்கூடச் சொல்லாதது எல்லாவற்றையும் அங்கே எழுதினேன். ஒருவர் ராத்திரி ஒரு மணிக்குப் பதில் போட்டார். ஆணா பெண்ணா தெரியாது, புரொஃபைல் படத்தில் ஒரு மஞ்சள் குடை. "நாளைக்கு ஏதாவது ஒரு கடையில் வேண்டுமென்றே திக்குங்கள். மாட்டுகிற எழுத்தில் வேண்டாம், சுலபமாக வருகிற எழுத்தில்." பேச்சுப் பயிற்சியில் இது பழக்கத்தில் உள்ள முறைதான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். மூன்று நாள் தள்ளிப்போட்டு நான்காம் நாள் செய்தேன். கடைக்காரர் ஒன்றும் சொல்லவில்லை, மீதிச் சில்லறையைக் கையில் கொடுத்தார். வெளியே வந்து கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.

போன மாதம் ஆபீசில் ஒருவரின் பணி ஓய்வு விழாவில் நான்கு நிமிடம் பேசினேன். திக்கித்தான் பேசினேன், ஆனால் முடித்தேன். யாரோ அதை வீடியோ எடுத்து இணையத்தில் போட்டுவிட்டார்கள். கீழே வரிசையாகக் கேலி, பெரும்பாலும் முகமில்லாத ஐடிகள். அதில் ஒன்று என்னைப் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது. அந்தப் பட்டப்பெயர் எங்கள் செக்‌ஷனில் ஏழு பேருக்குத்தான் தெரியும். தினமும் அந்த ஏழு முகங்களுக்கு நடுவில் உட்கார்ந்து வேலை செய்கிறேன்.

அடையாள அட்டை காட்டினால்தான் இணையத்தில் எழுதலாம் என்று சட்டம் வர வேண்டும் என்கிறார் என் மைத்துனர். கோபத்தில் எனக்கும் சரியென்றே படுகிறது. ஆனால் அப்படி ஒரு சட்டம் இருந்திருந்தால் அந்தக் குழுவில் நான் ஒரு வரி எழுதியிருப்பேனா? அந்த ஆளைக் கண்டுபிடிக்கலாமா, விட்டுவிடலாமா?

கம்பிவடம்:

சார், நான் நெட்வொர்க் வேலையில் இருப்பவன். முதலில் ஆதாரத்தைப் பத்திரப்படுத்துங்கள். ஸ்க்ரீன்ஷாட் மட்டும் போதாது, ஒவ்வொரு கமெண்டின் லிங்க்கும் தேதியும் நேரமும் வேண்டும். ஐடியின் பெயரை நொடியில் மாற்றிவிடலாம். ஐபி முகவரி என்பது இணைய இணைப்பைக் காட்டுகிற எண். ஒரே ஐபி முகவரியைப் பல வீடுகள் ஒரே சமயத்தில் பகிர்ந்துகொள்வதும் இன்று சாதாரணம், அதனால் நேரம் துல்லியமாக இல்லையென்றால் இணைப்பு தருகிற நிறுவனத்தாலேயே ஆளைச் சொல்ல முடியாமல் போகலாம். பதிவேடுகளும் என்றைக்கும் இருக்காது, தாமதிக்காதீர்கள்.

அவர்கள் போட்டிருக்கும் முகமூடி உங்களுக்குத்தான் முகமூடி. போலீஸ், நீதிமன்றம் வழியாகக் கேட்டால் பெரும்பாலும் கழன்றுவிடும். நீங்களாகத் துப்பறிய வேண்டாம். ஏழு பேரில் தப்பான ஒருவரைச் சந்தேகித்துவிட்டால் அதைத் திரும்ப எடுக்க முடியாது.

உங்கள் மைத்துனர் கேட்கிற சட்டத்தைத் தென்கொரியா 2007-ல் கொண்டுவந்தது. தினம் 3 லட்சம் பேருக்கு மேல் வருகிற தளங்களில் எழுதுகிறவரின் அடையாளத்தைச் சரிபார்க்க வேண்டும், பிறகு வரம்பு 1 லட்சமாகக் குறைந்தது. 2011 ஜூலையில் அங்கே நேட், சைவேர்ல்ட் தளங்களிலிருந்து சுமார் 3.5 கோடிப் பேரின் விவரங்கள் திருடுபோயின. 2012 ஆகஸ்ட் 23 அன்று அரசியல் சாசன நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ஒருமனதாக ரத்து செய்தது. சட்டவிரோதப் பதிவுகள் சொல்லும்படியாகக் குறையவில்லை, ஆட்கள் வெளிநாட்டுத் தளங்களுக்குப் போய்விட்டார்கள் என்பதும் நீதிமன்றம் சொன்ன காரணங்களில் உண்டு.

நெல்லிக்கிளை:

அண்ணா, நான் அந்தப் பக்கம் நின்றவள். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

பத்தொன்பது வயதில் ஒரு பொய் ஐடி வைத்திருந்தேன். பாட்டுப் பாடி வீடியோ போடுகிற ஒரு பெண்ணின் பற்களைப் பற்றி ஒரு வரி எழுதினேன். நாற்பது லைக் வந்தது, சந்தோஷப்பட்டேன். அடுத்த வீடியோவில் அவள் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு பாடினாள். அன்றைக்கே ஐடியை அழித்தேன். மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்டால் யாரென்று தெரிந்துவிடுமோ என்ற பயம்.

இணையத்தில் கூச்சம் அவிழ்வதைப் பற்றி ஜான் சூலர் என்ற உளவியலாளர் 2004-ல் ஒரு கட்டுரை எழுதினார். பெயர் தெரியாதது ஒரு காரணம். நம்மை யாரும் பார்க்காதது, எதிராளியின் பதில் உடனே வராதது ஆகியவற்றையும் தனித்தனிக் காரணங்களாகச் சொல்கிறார். அந்த அவிழ்ப்பு மனம்விட்டுப் பேசவும் வைக்கும், விஷம் கக்கவும் வைக்கும். என் விஷயத்தில் பெயரைவிட முகம்தான் காரணம். அவள் கையை நான் முதல் நாளே பார்த்திருந்தால் அந்த வரியை எழுதியிருக்க மாட்டேன்.

மணிக்கூண்டு:

லிங்க், புகார் என்று அலைகிறவர் எப்போதும் பாதிக்கப்பட்டவர்தானா? எழுதினவனுக்கு ஒரு நொடி. இதே மாதிரி ஒன்றுக்காக என் தங்கை மூன்று மாதம் அலைந்தாள், கடைசியில் தன் கணக்கையே மூடிவிட்டாள். வெளியே புனைபெயர் இருக்கட்டும், உள்ளே நிறுவனத்திடமாவது உண்மைப் பெயர் இருக்க வேண்டும். இதில் நான் இறங்கி வர மாட்டேன்.

இடைவெளி:

எல்லாருக்கும் நன்றி. மணிக்கூண்டு, உங்கள் தங்கை பட்டது புரிகிறது, அவர் கணக்கை மூட வேண்டி வந்தது அநியாயம். ஆனால் நான் அந்தக் குழுவில் எழுதினதும் என் அடையாள எண்ணும் ஒரே இடத்தில் இருந்து, அந்த 3.5 கோடி போலக் களவு போனால் என்ன ஆவது என்று நினைத்தாலே தாடை இறுகுகிறது. என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

கம்பிவடம் சொன்னபடி லிங்க், நேரம் எல்லாம் குறித்துக்கொண்டு புகார் கொடுத்தேன். பன்னிரண்டு கமெண்டுகளை எடுத்துவிட்டார்கள். பட்டப்பெயர் போட்டது மட்டும் இன்னும் இருக்கிறது, அதற்குத் தனியாகப் புகார் எழுதியிருக்கிறேன். ஏழு பேரிடமும் நான் ஒன்றும் கேட்கப் போவதில்லை.

நேற்று மஞ்சள் குடைக்கு நடந்ததை எழுதி, வீடியோ லிங்க்கையும் அனுப்பினேன். அதில் என் முகம் இருக்கிறது, பெயரும் இருக்கிறது. ஆறு வருஷத்தில் முதல் தடவை. ராத்திரி பதில் வந்தது: "முழுதும் பார்த்தேன். மூன்றாவது நிமிடத்தில், ஓய்வு பெறுகிறவரின் பெயரில் மாட்டிக்கொண்டீர்கள். 'நம்ம அண்ணன்' என்று மாற்றிப் போடாமல், நின்று, அந்தப் பெயரையே சொல்லி முடித்தீர்கள்."