ஓவர்ஹால் செய்த ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் 1-லிருந்து 2-க்குப் போகும்போது பலமாக அடிக்கிறது, உதவி தேவை

கேட்டவர்:
வணக்கம். ஹூஸ்டனில் இருக்கிறேன். வண்டி 2004 செவர்லே சில்வராடோ 1500 பிக்கப், 5.3 லிட்டர் இன்ஜின், 4எல்60இ கியர்பாக்ஸ். மூணாவது கியர் வழுக்க ஆரம்பித்ததால் பிரித்தேன். 3-4 கிளட்ச் பிளேட் முழுக்கக் கருகியிருந்தது, உள்ளே சுழலும் சன் ஷெல் என்கிற உலோக உறையிலும் விரிசல். நானும் என் சித்தப்பா மகனும் நாலு வார இறுதி உட்கார்ந்து எல்லா சீலும் பிளேட்டும் புதிதாகப் போட்டோம், ஷெல்லும் உறுதியான வகைதான். கூடவே கியர் மாற்றத்தை உறுதியாக்கும் ஒரு ஷிப்ட் கிட், பெரிய கார்வெட் சர்வோ (ரெண்டாம் கியருக்கான பேண்ட் என்கிற பட்டையை ஆயில் பிரஷரால் இறுக்கும் பிஸ்டன்).

இப்போது 1-லிருந்து 2-க்கு மாறும்போது பின்னாலிருந்து யாரோ வந்து மோதியது மாதிரி அடிக்கிறது. ஆக்சிலேட்டரை லேசாகத் தொட்டாலும் அதே அடிதான். நேற்று டேஷ்போர்டில் வைத்திருந்த காபி டம்ளர் மனைவி மடியில் கவிழ்ந்தது. ரிவர்ஸ் போட்டாலும் 'டங்' என்று விழுகிறது. மற்ற கியர்களும் கொஞ்சம் முரடுதான். ஆயில் அளவு சரி, செக் இன்ஜின் விளக்கு எரியவில்லை. மறுபடி பெட்டியை இறக்க வேண்டியிருக்குமோ என்று நினைத்தாலே தூக்கம் வரமாட்டேன் என்கிறது.

பதில் 1:
டிவி கேபிள் (ஆக்சிலேட்டருக்கு ஏற்பப் பெட்டியின் பிரஷரை மாற்றும் கேபிள்) இறுக்கமாக இருக்கலாம், அதைக் கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள்.

பதில் 2:
அது பழைய 700ஆர்4 கியர்பாக்ஸுக்கு. 4எல்60இ-ல் அந்தக் கேபிளே கிடையாது, பிரஷரைத் தீர்மானிப்பது கம்ப்யூட்டர். தம்பி, தயவுசெய்து இப்போதைக்கு எதையும் பிரிக்காதீர்கள். 1-2 மட்டும் அடித்தால் அக்யூமுலேட்டர் (கியர் பிடிப்பதை மெத்தென்று ஆக்கும் ஸ்பிரிங் பிஸ்டன்), சர்வோ பக்கம் போகலாம். உங்களுக்கு ரிவர்ஸும் அடிக்கிறது, மற்றதும் முரடாக இருக்கிறது, அப்படியென்றால் பெட்டி முழுக்க ஓடும் ஆயில் பிரஷரே, அதாவது லைன் பிரஷரே அதிகம் என்றுதான் நான் சந்தேகப்படுவேன்.

இந்தப் பெட்டியில் பிரஷர் கன்ட்ரோல் சொலினாய்டு (பிரஷரைக் கட்டுப்படுத்தும் மின் வால்வ்) தலைகீழாக வேலை செய்யும். கரண்ட் கூடக்கூட பிரஷர் குறையும். சுமார் 1.1 ஆம்பியர் போனால் குறைந்தபட்சம், கரண்டே போகாவிட்டால் அதிகபட்சம். வயர் அறுந்தாலும் கிளட்ச் வழுக்கிக் கருகிவிடக் கூடாது என்று அப்படி வைத்திருக்கிறார்கள். அதனால் ஒரு பின் தொடவில்லை என்றால்கூட நீங்கள் சொல்கிற அறிகுறிகள் அத்தனையும் வரும். செக் இன்ஜின் விளக்கு எரியாததை நம்பாதீர்கள், கம்ப்யூட்டர் பதியும் எல்லாக் கோளாறுக் கோடுக்கும் அது எரிவதில்லை. ஸ்கேனர் போட்டு பி0748 (அந்தச் சொலினாய்டின் மின் இணைப்பில் கோளாறு) இருக்கிறதா பாருங்கள், பி1870 (பெட்டி வழுக்குகிறது) இருக்கிறதா என்றும் பாருங்கள். பி1870 விழுந்தாலும் கம்ப்யூட்டர் பிரஷரை உச்சத்துக்கு ஏற்றிவிடும்.

அப்புறம் பிரஷர் கேஜ். டிரைவர் பக்கம், கியர் லீவர் ஷாஃப்டுக்கு மேலே 1/8 இன்ச் பிளக் ஒன்று இருக்கும். அதைக் கழற்றிவிட்டு 400 பிஎஸ்ஐ காட்டுகிற கேஜை மாட்டுங்கள். டிரைவில் 55-லிருந்து 189 வரை, ரிவர்ஸில் 64-லிருந்து 324 வரை என்பது கணக்கு. சூடான ஐடிலில் கீழ் எல்லைக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டே பாருங்கள்.

கேட்டவர்:
ரொம்ப நன்றி அண்ணா. கேஜ் வாங்கி மாட்டினேன். சூடான ஐடிலில் டிரைவில் 160, ரிவர்ஸில் 230-க்கு மேல். ஸ்கேனரில் பி0748 இருக்கிறது, பி1870 இல்லை. சொலினாய்டு புதுசு, நானே கையால் போட்டேன், அது போயிருக்குமா?

பதில் 2:
160 என்றால் நீங்கள் ஐடிலிலேயே மலை ஏறுகிற பிரஷரில் ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள். புது ஷெல்லும் பேண்டும் போட்டு இப்படி ஓட்ட வேண்டாம், ஷெட்டிலேயே வையுங்கள். சொலினாய்டை இன்னும் வாங்காதீர்கள். பெட்டியின் பக்கவாட்டில் வட்டமான பெரிய கனெக்டர் இருக்கிறதல்லவா, இக்னிஷனை அணைத்துவிட்டு அதைக் கழற்றி, பெட்டிப் பக்கம் சி, டி பின்களுக்கு நடுவே மல்டிமீட்டரை வையுங்கள். பெட்டி ஆறியிருந்தால் 3 முதல் 5 ஓம் வர வேண்டும்.

கேட்டவர்:
எதுவுமே காட்டவில்லை, ஓப்பன்! ஆயில் பேனைக் கழற்றி நேராகச் சொலினாய்டிலேயே அளந்தேன், 4.1 ஓம், அது நன்றாகத்தான் இருக்கிறது. டார்ச் அடித்துப் பார்த்தால் உள் ஹார்னஸின் (வயர்க் கட்டின்) கனெக்டரில் டி பின் மட்டும் மற்றதைவிட ஒரு நெல்மணி அளவு உள்ளே பின்வாங்கி இருக்கிறது. ஹார்னஸைக் கேஸ் துளை வழியாகத் தள்ளியபோது தப்பாக அழுத்தியிருக்கிறேன். பின்னை முன்னே இழுத்து லாக் விழுகிற வரை தள்ளினேன், இப்போது வெளியே அளந்தாலும் 4.2. ஃபில்டர் மாட்டி, ஆயில் ஊற்றி, கோளாறுக் கோடை அழித்து ஓட்டினேன். ஐடிலில் 62, ரிவர்ஸில் சத்தமே இல்லை.

ஆனால் 1-2 இன்னும் உறுத்துகிறது. முன்பு மாதிரி அடி இல்லை, ஆனாலும் மெதுவாகப் போகும்போது ஒரு வெட்டு தெரிகிறது. எனக்கு இது பரவாயில்லை, அம்மாவை ஏற்றிக்கொண்டு போகும் வண்டி என்பதால்தான் கேட்கிறேன்.

பதில் 3:
ஷிப்ட் கிட்டில் செபரேட்டர் பிளேட்டின் (ஆயில் போகும் துளைகள் உள்ள தகட்டின்) ரெண்டாம் கியர் துளையை எந்த அளவுக்கு டிரில் செய்தீர்கள்? அந்தத் துளை வழியாகத்தான் 2-4 பேண்டைப் பிடிக்கும் சர்வோவுக்கு ஆயில் போகிறது. அந்த நேரத்தில் வரும் ஆயிலில் ஒரு பங்கை 1-2 அக்யூமுலேட்டர் பிஸ்டன் ஸ்பிரிங்கோடு பின்வாங்கி வாங்கிக்கொள்ளும், அதனால்தான் பேண்ட் மெத்தென்று பிடிக்கிறது. துளை பெரிதானால் அந்த மெத்தைக்கு நேரமே கிடைக்காது. கார்வெட் சர்வோ வேறு பரப்பு பெரியது, அதே பிரஷரில் இன்னும் பலமாகப் பிடிக்கும்.

கேட்டவர்:
கிட் தாளில் மூன்று அளவு போட்டிருந்தது. டிரெய்லர் இழுப்பவர்களுக்கான பெரிய அளவையே போட்டுவிட்டோம். நான் டிரெய்லர் இழுப்பதே இல்லை.

பதில் 3:
அப்போ அதுதான். துளையைப் பெரிதாக்கலாம், சின்னதாக்க முடியாது, அதனால் புது பிளேட் வாங்குங்கள், சாதாரண ஓட்டத்துக்கு இருக்கும் அளவோடு நிறுத்துங்கள். பெட்டியை இறக்க வேண்டாம், பேன் வழியாகவே வால்வ் பாடி (ஆயிலைப் பிரித்து அனுப்பும் வால்வ் தொகுதி) வரும். செக் பால் (ஆயில் வழியைத் திறந்து மூடும் சின்ன உருண்டை) கீழே விழாமல் கையில் பிடியுங்கள், ஒன்று கேஸுக்குள் உட்கார்ந்திருக்கும், பிளேட்டை எடுக்கும்போது அதுவும் விழும். எந்த பால் எந்தக் குழி என்று போட்டோ எடுத்துக்கொண்டு, திரும்பப் போடும்போது வாசலின் தொட்டு ஒட்டவையுங்கள். போல்ட் 97 இன்ச்-பவுண்டுக்கு மேல் போக வேண்டாம், அலுமினியம் மரை உருவிக்கொள்ளும். அக்யூமுலேட்டர் பிஸ்டனையும் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், விரிசல் இருந்தால் மாற்றுங்கள்.

பதில் 2:
ஒன்று விட்டுவிட்டேன். பழைய பெட்டி வழுக்கியபோது கம்ப்யூட்டர் பிரஷரைக் கூட்டிக் கூட்டிக் கற்றுவைத்திருக்கும். அந்த அடாப்டிவ் கணக்கை டெக் 2 மாதிரி ஸ்கேனரால் அழித்துவிட்டு ஓட்டுங்கள்.

கேட்டவர்:
புது பிளேட் போட்டாயிற்று, சின்ன அளவுதான். பிஸ்டனில் விரிசல் இல்லை. தெரிந்த மெக்கானிக் ஒருவர் டெக் 2 வைத்து அடாப்டிவையும் அழித்துக் கொடுத்தார். இன்று அம்மாவைக் கோயிலுக்கு அழைத்துப் போனேன், 2-க்கு மாறியதை டாக்கோமீட்டர் முள் இறங்கியதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அண்ணா, நீங்கள் கேஜை மாட்டச் சொல்லாவிட்டால் நான் அன்றைக்கே பெட்டியை இறக்கியிருப்பேன்.