கச்சான் என்று எழுதினால் மதிப்பெண் உண்டா?

ஆசிரியை, பாம்பன்: பருவக்காற்றுப் பாடம் நடத்தும்போது ஒரு மாணவன் எழுந்து, “டீச்சர், இது கச்சான்தானே?” என்றான். வாடை (வடக்கு), கொண்டல் (கிழக்கு), கச்சான் (மேற்கு), சோழகம் (தெற்கு) என்று காற்றைத் திசைவாரியாக அறிந்த பிள்ளைகளின் அறிவைப் பாடத்தில் எவ்வாறு சேர்ப்பது?

தொண்டி வாசகர்: நல்ல ஐரோப்பிய நூலகத்தின் ஒரே அலமாரிக்கு இந்திய, அரபு இலக்கியம் முழுவதும் ஈடாகாது என்று 1835இல் ஆங்கிலேய ஆட்சியின் அதிகாரி மெக்காலே இந்தியக் கல்வி பற்றி எழுதிய குறிப்பின் நிழல் இன்னும் நம் வகுப்பறைகளில் விழுகிறது. ‘கச்சான்’ என்று எழுதிய என் மகளுக்கு மதிப்பெண் கிடைக்கவில்லை.

சின்னப்பாலம் வாசகி: கடல்பாசி எடுக்கும் பெண்களை வகுப்புக்கு அழையுங்கள், டீச்சர். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு மூழ்கும் அவர்கள், மரிக்கொழுந்து, கட்டக்கோரை, கஞ்சிப்பாசி ஆகிய பாசி வகைகளைத் தொட்டே பிரித்தறிவார்கள். வேரோடு பிடுங்காமல் விட்டால்தான் மறுபடி வளரும் என்பதையும் அவர்களே சொல்வார்கள்.

ஆசிரியை, பாம்பன்: அழைக்கிறேன். ஆனால் அவர்களைக் காட்சிப்பொருளாக நிறுத்தாமல், அன்றைய மதிப்பெண்ணையும் அவர்களே இடட்டும்.