கொடைக்கானல் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம்: மகளை முதுகலைக்கு அனுப்பலாமா?

கேள்வி: கோத்தகிரியிலிருந்து ஒரு தாய்

அனைவருக்கும் வணக்கம். என் மகள் உதகமண்டலம் அரசு கலைக் கல்லூரியில் இளங்கலை வரலாறு மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். ஆங்கிலேயர் காலத்தில் கோயம்புத்தூர் ஆட்சியராக இருந்த சல்லிவன் துரை கட்டிய கல் பங்களாவின் நிழலிலேயே மூன்று ஆண்டுகளைக் கழித்ததாலோ என்னவோ, மலைகளின் வரலாற்றில், அதிலும் தோட்டங்களில் உழைத்த பெண்களின் வரலாற்றில், அவளுக்குப் பெரிய ஈடுபாடு வந்துவிட்டது. முதுகலையைக் கொடைக்கானலில் உள்ள அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்தில்தான் படிப்பேன் என்று சொல்கிறாள்.

நாங்கள் ஓர் ஏக்கருக்கும் குறைவான தேயிலை வைத்திருப்பவர்கள். பச்சைத் தேயிலைக்கு என்ன விலை கிடைக்கிறதோ அதை வைத்துத்தான் குடும்பம் நடக்கிறது. எங்கள் வீட்டிலிருந்து விடுதியில் தங்கிப் படிக்கப் போகிற முதல் பெண் இவள்தான். "ஒரு மலையை விட்டு இறங்கி இன்னொரு மலை ஏறிப் படிக்க அங்கே என்ன இருக்கிறது?" என்று அவள் அப்பா கேட்கிறார். அது சிறிய பல்கலைக்கழகம், வெளியில் யாருக்கும் பெயர்கூடத் தெரியாது என்று உறவினர் ஒருவரும் சொல்லிவிட்டார். அது ஏன் மலைமேல் அமைந்தது, அங்கே வாழ்க்கை எப்படி இருக்கும் என்பதை அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன். இப்போது அவளுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது. அது முதுகலையிலும் தொடருமா?

பதில் 1: ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், பெரியகுளம்

அம்மா, உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வீட்டுக் கணக்கு அதைப் பொறுத்தது. புதுமைப்பெண் உதவித்தொகை முதல் பட்டம் அல்லது பட்டயம் முடியும் வரைதான் வரும். முதுகலைக்கு அது கிடையாது. ஆகவே அந்த ஆயிரம் ரூபாயைக் கணக்கில் சேர்க்காமல் திட்டமிடுங்கள்.

இனி வரலாறு. அந்தப் பல்கலைக்கழகம் 1984-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் இயற்றிய தனிச் சட்டத்தின் வழியாகத் தோன்றியது. அப்போது எம்.ஜி.ஆர். முதலமைச்சர். அந்த ஐந்தாறு ஆண்டுகளை ஒரு வரலாற்று மாணவி கூர்ந்து பார்க்க வேண்டும். 1981-இல் தமிழ்ப் பல்கலைக்கழகம், 1982-இல் பாரதியார், பாரதிதாசன் பல்கலைக்கழகங்கள், 1984-இல் அன்னை தெரசா, 1985-இல் அழகப்பா என்று வரிசையாகத் தமிழ்நாட்டில் உயர்கல்வி விரிந்த காலம் அது. உங்கள் மகளுக்கு இப்போது பட்டம் தரவிருக்கும் பாரதியார் பல்கலைக்கழகமும் அந்த வரிசையில் வந்ததுதான். எனவே இரண்டையும் உடன்பிறப்புகள் என்றே சொல்லலாம்.

ஆனால் கொடைக்கானல் பல்கலைக்கழகம் பிறந்ததற்கு வேறொரு பின்னணியும் உண்டு. இந்தியப் பெண்களின் நிலையை ஆராய்ந்த தேசியக் குழு 1974-இல் தன் அறிக்கையைத் தந்தது. ஐக்கிய நாடுகள் அவை 1975-ஐப் பன்னாட்டு மகளிர் ஆண்டாகவும், 1976 முதல் 1985 வரையிலான காலத்தை மகளிர் பத்தாண்டாகவும் அறிவித்தது. பெண்களுக்கு இடம் கொடுத்தால் மட்டும் போதாது, பெண்களைப் பற்றிய அறிவையே புதிதாகத் திரட்ட வேண்டும் என்ற எண்ணம் கல்வியாளர்களிடம் வலுப்பெற்றது அந்தப் பத்தாண்டில்தான். 1916-இல் கார்வே பூனாவில் தொடங்கிய மகளிர் பல்கலைக்கழகம் நெடுங்காலம் நாட்டில் தனித்து நின்றது. 1983-இல் திருப்பதியில் பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகமும், மறு ஆண்டே கொடைக்கானலில் நம்முடையதும் வந்தன. கல்லூரிகளை இணைத்துத் தேர்வு நடத்தும் நிறுவனமாக அல்லாமல், மகளிரியல் ஆராய்ச்சியையும் பாடத்திட்ட உருவாக்கத்தையும் முதன்மை நோக்கங்களில் வைத்துத்தான் அது தொடங்கப்பட்டது. கல்லூரிகள் இணைந்தது பிறகு நடந்தது. எங்கள் பெரியகுளம் ஜெயராஜ் அன்னபாக்கியம் மகளிர் கல்லூரியும், பழனி அருள்மிகு பழனியாண்டவர் மகளிர் கல்லூரியும், நிலக்கோட்டை அரசு மகளிர் கல்லூரியும் இன்று அதன் கீழ்தான் இயங்குகின்றன. எனவே இந்தப் பகுதியில் பெயர் தெரியாத வீடு மிகக் குறைவு.

பெயரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அன்னை தெரசாவுக்கு 1979-இல் நோபல் பரிசும் 1980-இல் பாரத ரத்னாவும் கிடைத்திருந்தன. 1984-இல் அவர் கல்கத்தாவில் பணியில் இருந்தார். மறைந்தது 1997-இல்தான். வாழ்ந்துகொண்டிருந்த ஒரு பெண்ணின் பெயரை ஒரு மாநில அரசு தன் மகளிர் பல்கலைக்கழகத்துக்குச் சூட்டியது இன்றைக்கும் எனக்கு மனநிறைவு தருகிற செயல். இன்னொரு தகவலும் உண்டு. அது தொடங்கியபோது கொடைக்கானல் மதுரை மாவட்டத்தில் இருந்தது. திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985-இல். பழைய ஆவணங்களைத் தேடும்போது உங்கள் மகளுக்கு இது உதவும்.

பதில் 2: பழைய மாணவி, வத்தலக்குண்டு

அக்கா, நான் அங்கே முதுகலையும் எம்.ஃபில். பட்டமும் முடித்தவள், விடுதியிலேயே இருந்தவள். எனவே உங்கள் கணவரின் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன்.

வளாகம் நகரத்துக்குள் இல்லை. ஏரியையும் கடைவீதியையும் விட்டு வில்பட்டி, பள்ளங்கிப் பக்கம் போகும் வழியில் அட்டுவம்பட்டியில் இருக்கிறது. சுற்றிலும் பூண்டும் காரட்டும் உருளைக்கிழங்கும் விளையும் அடுக்கு நிலங்கள். குளிரை நினைத்து நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. கோத்தகிரியில் வளர்ந்த பெண்ணுக்கு அது பழகிய குளிர்தான். என்னைப் போல் அடிவாரத்திலிருந்து போனவர்கள்தான் முதல் மாதம் முழுவதும் காலையில் வெந்நீருக்கு வாளியோடு வரிசையில் நின்றோம், துவைத்த துணி மூன்று நாளாகியும் காயாமல் கலங்கினோம். மழையை மட்டும் கவனத்தில் வைக்க வேண்டும். நீலகிரியின் மேற்குப் பகுதிகளில் தென்மேற்குப் பருவமழைதான் ஓங்கி அடிக்கும். கொடைக்கானலில், உங்கள் கோத்தகிரியைப் போலவே, ஐப்பசி, கார்த்திகை மழைதான் கடுமை. அந்த மாதங்களில் மலைப்பாதையில் மரம் விழுந்தோ மண் சரிந்தோ பேருந்து நிற்பது உண்டு. 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது மலையே முடங்கியது. ஆகவே தீபாவளிக்கு வீட்டுக்கு வந்து திரும்பும் பயணத்துக்கு ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அங்கே எனக்குக் கிடைத்த பெரிய செல்வம் அமைதியும் பேச்சும்தான். மாலை ஐந்து மணிக்கு மூடுபனி இறங்கிவிட்டால் வெளியே போக இடமில்லை. அறையில் நான்கு பேர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, படித்ததைப் பற்றி இரவு வரை வாதிடுவோம். வீட்டில் அண்ணன் தம்பி முன்னால் வாய் திறக்காத பெண்கள் அங்கே கருத்தரங்க மேடையில் நின்று கேள்விக்கு எதிர்க்கேள்வி கேட்டதை நான் கண்ணால் பார்த்தேன். நானும் அவர்களில் ஒருத்தி. சுற்றிலும் பெண்களே இருந்ததால் துறைச் செயலர் முதல் விழா மேடைக்கு நாற்காலி தூக்குவது வரை எல்லாவற்றையும் நாங்களே செய்தோம். அந்தப் பழக்கம் எங்களை விட்டுப் போகவே இல்லை.

வரலாறு படிக்கும் பெண்ணுக்கு அந்த மலையில் ஒரு புதையலும் உண்டு. செண்பகனூரில் 1895-இல் தொடங்கிய இயேசு சபையினரின் இல்லத்தில் அருங்காட்சியகமும், மதுரைப் பகுதியில் அவர்கள் செய்த கிறித்தவ மறைப்பணி பற்றிய ஆவணக் காப்பகமும் இருக்கின்றன. பழனி மலைகளில் கிடைத்த பெருங்கற்காலப் பொருள்களை அங்கேதான் முதன்முதலில் பார்த்தேன். தாண்டிக்குடிப் பக்கம் போனால் அக்காலத்தவர் இறந்தோருக்காகப் பெரிய கற்களால் எழுப்பிய கல்திட்டைகளையே நேரில் பார்க்கலாம். பளியர் பழங்குடியினரின் குடியிருப்புகளுக்கும் தோட்ட வேலைக்குப் போகும் பெண்களிடமும் களப்பணிக்குச் சென்றோம். உங்கள் மகள் தேயிலைத் தோட்டத்தைக் கண்டு வளர்ந்தவள். இங்கே காப்பித் தோட்டத்துப் பெண்களிடம் பேசும்போது அவளுக்குத் தோன்றும் கேள்விகள் எங்களுக்குத் தோன்றியிருக்காது.

பதில் 3: கல்லூரி விரிவுரையாளர், திண்டுக்கல்

மேலே இருவரும் சொன்னவற்றை மறுக்கவில்லை. ஆனால் அன்பினால் சில குறைகளை விட்டுவிட்டார்கள் என்று நினைக்கிறேன். தமிழ்நாட்டின் மாநிலப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் ஆசிரியர் பணியிடங்கள் காலியாகக் கிடக்கின்றன. சிறிய பல்கலைக்கழகத்தில் இரண்டு பேர் ஓய்வு பெற்றாலே ஒரு துறை தளர்ந்துவிடும். எனவே சேர்க்கைக்கு முன் வரலாற்றுத் துறையில் இப்போது நிரந்தரப் பேராசிரியர்கள் எத்தனை பேர், அவர்களில் மலைமக்கள் வரலாற்றிலோ பெண்கள் வரலாற்றிலோ ஆய்வு நடத்துபவர் யார் என்று நேரில் கேட்டு அறியுங்கள். அப்படி ஒருவர் இருந்தால் தயங்காமல் அனுப்புங்கள். இல்லையென்றால் கட்டடமும் பனியும் அவளுக்குக் கற்றுத் தரப் போவதில்லை.

மற்றொன்று, தங்கை குறிப்பிட்ட எம்.ஃபில். பட்டம் இப்போது இல்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு விதிகள் அதை நிறுத்திவிட்டன. முதுகலை முடித்ததும் நேராக முனைவர் பட்டத்துக்குத்தான் போக வேண்டும். அதனால் முதுகலை ஆய்வேட்டின் தரம் முன்பைவிட முக்கியமாகிவிட்டது.

பெயர் தெரியாது என்ற பேச்சைப் பொருட்படுத்த வேண்டாம். 2017, 2018 ஆண்டுகளில் கல்லூரி உதவிப் பேராசிரியர் பணிக்கான மாநிலத் தகுதித் தேர்வு எழுதிய ஒவ்வொருவரும் அந்தப் பெயரை அறிவார்கள். தேர்வை நடத்தியதே இந்தப் பல்கலைக்கழகம்தான்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஆயிரம் ரூபாய் நின்றுவிடும் என்பதை இப்போதே அறிந்தது நல்லதாகிவிட்டது. விடுதிக் கட்டணத்தைக் கூட்டுறவுக் கடனில் சமாளிக்க முடியுமா என்று பார்க்கிறோம். செண்பகனூர் ஆவணங்களைப் பற்றிப் படித்ததும் மகள் அந்தப் பதிலைத் தன் அப்பாவுக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினாள். நேரில் கேட்டு அறியுங்கள் என்ற அறிவுரையை ஏற்று, அடுத்த மாதம் மூவரும் மேட்டுப்பாளையம், கோயம்புத்தூர், உடுமலை, பழனி வழியாகப் போவது என்று முடிவு செய்திருக்கிறோம். அரசுப் பேருந்தில் போவதால், கொடைக்கானலுக்குள் நுழையும் வாகனங்களுக்கு இணையத்தில் பெற வேண்டிய இ-பாஸ் தேவைப்படாது என்று இங்குள்ள நடத்துநர் சொன்னார். பழனியிலிருந்து மலையேறும் பேருந்து பெருமாள்மலை வழியாகப் போகும் அல்லவா? அங்கே இறங்காமல் கொடைக்கானல் வரை சென்று, பிறகு அட்டுவம்பட்டிக்கு வேறு பேருந்து பிடிக்க வேண்டுமா என்பதை மட்டும் வத்தலக்குண்டுத் தங்கை சொல்ல வேண்டும்.

பதில் 4: பழைய மாணவி, வத்தலக்குண்டு

ஆமாம் அக்கா, கொடைக்கானல் பேருந்து நிலையம் வரை வந்துவிடுங்கள். அங்கிருந்து பள்ளங்கி, வில்பட்டிப் பக்கம் போகும் பேருந்து எதுவென்று கேட்டு ஏறினால், "யுனிவர்சிட்டி" என்று சொன்னாலே நடத்துநர் இறக்கிவிடுவார். முற்பகலிலேயே போய்ச் சேருமாறு புறப்படுங்கள். மாலையில் பனி இறங்கிவிட்டால் உங்களால் வளாகத்தை முழுதாகப் பார்க்க முடியாது.